அபூ ஜல்வியின் நாலு டயர்

அபூ ஜல்வியைப் போலப் பயந்து பயந்து வண்டி ஓட்டும் ஆள் சவூதியின் இந்த ஹாயில் நகரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டார். ஆசிரியைகளான எங்கள் ஐந்து பேரை மணல்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. நூறு கிலோமீட்டர் தார்ச்சாலை, கடைசி ஒன்பது கிலோமீட்டர் மணல். வண்டி எங்கே நின்றாலும் இறங்கி, நாலு டயரையும் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்ப்பார். "இவரு வண்டி ஓட்டுறாரா, மையித்த அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போறாரா?" என்று பின்னாலிருந்து முணுமுணுப்பாள் தர்ஃபா டீச்சர்.

போன குளிர்காலத்தில் நைட்ரஜனுக்கு மாறினார். அதை அடித்தால் டயர் வெடிக்காது, ஆனால் சாதாக் காற்று துளி கலந்தாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று டயர் கடைக்காரன் சொல்லியிருக்கிறான். வந்தது வினை. மணலில் இறங்குமுன், சக்கரம் புதையாமலிருக்க, எல்லோரும் டயரிலிருந்து பாதிக் காற்றை வெளியே விடுவார்கள். திரும்பித் தார்ச்சாலை ஏறியதும் வண்டியிலேயே இருக்கும் பம்பால் அடித்துக்கொள்வார்கள். இந்த மனிதர் விட மட்டும் விடுவார், அடிக்க மாட்டார். நைட்ரஜன் ஊரில்தான் கிடைக்கும். ஆக, வெடித்துவிடுமோ என்று பயந்தவர் தினமும் திரும்பும் நூறு கிலோமீட்டரைத் தொளதொளத்த டயரில் ஓட்டினார். குளிர் இருந்தவரை தப்பித்தோம். வெயில் ஏறினால் அந்த டயர் தாங்காது. நான் அறிவியல் ஆசிரியை, சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

மே மாதம் ஒரு மதியம், திரும்பும் வழியில், ரப்பர் கருகும் வாடை வந்தது.

"அபூ ஜல்வி, ஓரங்கட்டுங்க."

"ஒண்ணுமில்ல டீச்சர். மெதுவாத்தான் போறேன்."

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க."

நிறுத்தினார். பின் டயரில் வைத்த கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் ஆறட்டும். பம்ப எடுங்க."

"அது சாதாக் காத்து டீச்சர். கலந்தா போச்சு."

"நாம இழுக்குற மூச்சுலயே நாலுல மூணு பங்குக்கு மேல நைட்ரஜன்தான். கடைக்காரன் விக்கிறது கொஞ்சம் மெதுவா இறங்கும், ஈரம் இருக்காது, அவ்வளவுதான். அளவு கொறஞ்சா எந்தக் காத்தா இருந்தாலும் டயர் சூடேறிக் கிழியும். இதுகூடத் தெரியாம அஞ்சு பேரு உசுர வச்சு வெளையாடுறீங்களா?"

அவர் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பி வண்டிக்கு அன்னிக்குக் காலைல காத்து அடிச்சது நான்தான். மதீனா ரோட்டுல டயர் வெடிச்சு அவன் போயிட்டான். கூட அடிச்சேனா, கொறச்சு அடிச்சேனா, இன்னைக்கு வரைக்கும் தெரியல. அதுக்கப்புறம் என் கையால அடிக்கிறதில்ல டீச்சர். நைட்ரஜன்னா கடையில அவங்களே அடிச்சிருவாங்க."

அத்தனை நாளும் அவரை மனத்துக்குள் மடையன் என்று திட்டியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. டயர் ஆறியதும் நானே பம்பை எடுத்து மண்டியிட்டேன்.

"நான் அடிக்கிறேன். ஏதாவது ஆச்சுன்னா பழிய என் தலைல போடுங்க."

அவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த குழாயைப் பிடித்தார்.

"குடுங்க டீச்சர். அத உங்களால சுமக்க முடியாது."

குழாயை மாட்டி, அவரே அடிக்க ஆரம்பித்தார். நாலு டயருக்கும் அடித்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் வண்டியில் ஏறவில்லை. வெயிலிலேயே அவர் பக்கத்தில் நின்றோம்.