எட்டவே நின்ற என் மகள்

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூத்தவள் விறகடுப்பில் உலை வைப்பாள். நடுவுள்ளவள் தண்ணீர் பிடிப்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் கடைக்குட்டி செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். என் சேலையிலிருந்த வெடிமருந்துத் தூள் அவள் கவுனில் ஒட்டியதை நான் கவனிக்கவில்லை. அடுப்புப் பொறி தெறித்ததும் கவுன் குப்பென்று பற்றியது. நடுவுள்ளவள் குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றியதால் பிள்ளை பிழைத்தாள்.

அன்றிலிருந்து, நான் குளித்து உடை மாற்றும்வரை யாரும் என்னைத் தொடக்கூடாது என்று பழக்கினேன். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள் என்று பெருமையும் பட்டேன்.

போன மாதம் நான் வேலை விட்டு வரும்போது செல்வி தெருவில் விழுந்துவிட்டாள். முழங்காலெல்லாம் ரத்தம். அழுதபடி ஓடிவந்தவள், எட்டவே நின்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணும் செய்யாது, வா தாயி" என்றேன்.

"நீ இன்னும் குளிக்கலையேம்மா" என்று தேம்பினாள்.

இப்போது மாற்றுச் சேலை கொண்டுபோய், கம்பெனியிலேயே குளித்துவிட்டு வருகிறேன். வாசலிலேயே கைகளை விரிக்கிறேன். செல்வி ஓடிவருவதில்லை. என் தலைமுடி ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வருகிறாள்.