மணியை அடைத்தவன் நான்தான்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒற்றைத் தையல் மெஷினில் ஆரம்பித்து வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி கட்டினேன். பாறை என்று எல்லாரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். மாடி வீடு எழுப்பினேன். முழங்கால் மடங்க மறுத்தபோது, படியோரம் தண்டவாளம் போட்டு அதில் ஏறி இறங்கும் கரண்டு நாற்காலியும் மாட்டினேன். எங்கள் சொந்தத்தில் அதை முதலில் மாட்டியவன் நான்தான்.

போன மாதம் அது பாதிப் படியில் நின்றுகொண்டு 'பீப் பீப்' என்று கத்தியது. மருமகள் விற்றவனுக்குப் போன் போட்டாள். பேரன் சத்தம் வரும் ஓட்டையில் டேப் ஒட்டினான்.

"டேப்ப எடு கண்ணு. சத்தத்தப் பாக்காத, நாற்காலியப் பாரு" என்றேன்.

பார்த்தால், கால் வைக்கும் பலகைக்கு அடியில் ஒரு துண்டு சிக்கியிருந்தது. அது யாருடைய துண்டு என்பது இங்கே முக்கியமில்லை. கண்டுபிடித்தது யார் என்பதுதான் முக்கியம். இந்த அறிவு எனக்குப் பத்து வயதிலேயே வந்துவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டில் என் மாமன், அம்மாவின் அண்ணன், இருந்தார். பாரவண்டியிலிருந்து விழுந்து இரண்டு காலும் வராமல் போனவர். லேத் பட்டறையில் சொல்லி, சைக்கிள் சக்கரம் வைத்து ஒரு நாற்காலி செய்து வாங்கியிருந்தார். அதில் ஒரு சைக்கிள் மணியும் உண்டு. சக்கரம் உருண்டால் மணி அடிக்கும். பிரேக் பிடித்து நின்றால் மணியும் ஓயும்.

ஒரு வாரமாக, பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போதே அது அடித்தது. மாமன் தும்மினால் கிணிங். சிரித்தால் கிணிங் கிணிங். அத்தை தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து மணிக்கும் சக்கரத்துக்குமாக ஊற்றினாள். இன்னும் அதிகமாக அடித்தது. அப்பா மணியின் திருகாணியை முறுக்கினார். அடுத்த தோட்டத்துக்காரர் பூசாரியைக் கூப்பிடலாம் என்றார். குனிந்து பிரேக் கட்டையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமன் மகளைப் பெண் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வருகிறார்கள். பெண்ணின் அப்பாவுக்கு நடக்க வராது என்று கேள்விப்பட்டே அதற்கு முன் இரண்டு வரன்கள் பின்வாங்கியிருந்தன.

"நீங்க உள் ரூமுல இருந்துக்கங்க. பேச்சுக்குப் பேச்சு மணியடிச்சா அவிய என்ன நெனைப்பாங்க?" என்றாள் அத்தை.

"எம் புள்ளயப் பாக்க வர்றாங்க. நான் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடாம, உள்ள ஒளிஞ்சுக்கோணுமா?" என்றார் மாமன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பார்த்தேன். இனி நான்தான் இறங்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பனியன் வெட்டும்போது மிஞ்சும் துணியை எங்கள் ஊரில் வேஸ்ட் என்போம். மெஷின் துடைப்பதிலிருந்து குழாய் ஒழுகலை நிறுத்துவதுவரை எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. ஒரு கைப்பிடி வேஸ்ட்டை யாரும் பார்க்காதபோது மணிக்குள் திணித்தேன். கப்சிப்.

"எண்ணெ இப்பத்தான் வேல செய்யுது" என்றாள் அத்தை. எனக்கு வர வேண்டிய பெயரில் முதல் திருட்டு அது.

காங்கேயத்துக்காரர்கள் வந்தார்கள். மாமன் வீட்டு வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவு. மாமன் பிரேக்கை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, வாங்க" என்றார். நாற்காலி நகர்ந்தது. சத்தமே இல்லை. கூப்பிய கை கூப்பியபடி, "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே மாமன் வேகம் பிடித்தார். எதிர்கொண்டு அழைக்க வருகிறார் என்று நினைத்து மாப்பிள்ளையின் அப்பாவும் கும்பிட்டார். மாமன் அவரைத் தாண்டினார், மாப்பிள்ளையைத் தாண்டினார், ரோட்டைத் தாண்டினார். எதிர்க் காட்டில் சலவை செய்து காயப் போட்டிருந்த பனியன் துணிக்குள் புகுந்து மறைந்தார்.

முதலில் ஓடியது மாப்பிள்ளைதான். ஈரத்துணிக்குள்ளிருந்து மாமனை மீட்டு, நாற்காலியைக் குனிந்து பார்த்தார்.

"பிரேக் கட்டை தேஞ்சே போச்சுங்களே மாமா. அதுக்கு மேல எண்ணெ வேற. மணி வெச்சிருக்கீங்க, அடிக்கலீங்களா?"

பெண்ணை இன்னும் பார்க்கவேயில்லை, அதற்குள் மாமா என்றுவிட்டார். அத்தை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

மாமனின் விரல் மணிக்குள் போனது. வேஸ்ட்டை உருவினார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் நின்ற என் அப்பாவைப் பார்த்தார்.

"நாந்தானுங்க அடைச்சேன். சத்தம் தொந்தரவா இருந்துச்சு" என்றார் மாமன்.

மாப்பிள்ளையின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாசல் வரைக்கும் வந்து கூப்புடறவங்களப் பாத்திருக்கறனுங்க. எங்களையே தாண்டிப் போயிக் கூப்புட்டவரு நீங்கதானுங்க."

அன்றே தட்டு மாற்றிக்கொண்டார்கள். நான் மட்டும் ஒரு வாரம் மாமனோடு பேசவில்லை. என் வேலையைத் தன் வேலை என்று சபையில் சொல்லிவிட்டாரே என்ற கோபம். அப்பாவின் கை அப்போது இடுப்பு பெல்ட்டில் இருந்ததை மாமன் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த மாப்பிள்ளைக்கு எண்பதாம் கல்யாணம். 'மாமனாரின் நாற்காலி சேர்த்துவைத்த ஜோடி' என்று அவர் மகன் ஃபிளெக்ஸ் அடித்திருக்கிறான். வெறும் நாற்காலி எதைச் சேர்த்துவைக்கும்? அதை மாற்றி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். மாமன் எனக்காக மறைத்தது போதும். என் போட்டோவைப் போட்டு, பெரிய எழுத்தில், மணியை அடைத்தவன் இவன்தான் என்று போட வேண்டும்.