மூன்றாவது காசு

வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் கிடந்த அந்தக் காசு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பிரஷ்ஷால் தேய்த்து முடித்தபோது புது வெள்ளியாகப் பளபளத்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, முதலிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசு எங்கள் லேப் இன்சார்ஜுடையது. மடத்துக்குளத்துக்காரர். ஊருக்குப் போயிருந்தபோது அமராவதி ஆற்று மணலில் மூன்று வெள்ளிக் காசுகள் அவருக்குக் கிடைத்தன. ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினார். ஈராயிரம் வருஷத்துக்கு முன் யாரோ ஒரு சிற்றரசன் வெளியிட்டவை, அவனைப் பற்றி வேறெங்கும் ஒரு வரி கிடையாது என்றாராம் அவர். இரண்டு காசுகளில் பெயரின் முன்பாதி தெரிந்தது. பின்பாதி மூன்றாவதில், கறுத்த படிவுக்குள் மங்கலாக இருந்தது. கழுவாமல் ஞாயிற்றுக்கிழமை அப்படியே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அது மட்டும் எனக்குத் தெரியாது. ஷிஃப்ட் முடிந்த களைப்பிலும் இன்சார்ஜ் லென்ஸை வைத்து அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அவர் துணியின் ஷேடு காட்ட வெளியே போன நேரத்தில், உதவுவதாக நினைத்து அதை ஆசிட்டில் போட்டுவிட்டேன்.

படிவோடு எழுத்தும் போயிருந்தது. திரும்பி வந்தவர் காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, “உடுங்க அம்மிணி, நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சீங்க” என்றார். அந்தப் பேச்சை அதற்கப்புறம் அவர் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை.

போன மாதம் அவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன இடத்தில், தள்ளாத வயதில் அந்தப் பேராசிரியரும் வந்திருந்தார். காசுகளை அப்போதே அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டார்களாம். அந்த அரசனுக்கு இன்றுவரை அரைப்பெயர்தான். “நல்ல மனுசனுங்க. அன்னைக்கு மட்டும் அவசரப்பட்டுட்டாரு. அவரே ஆசிட்ல கழுவிப்போட்டேன்னு வந்து நின்னாருங்க” என்றார் பேராசிரியர். இன்சார்ஜின் மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தக் காசைப் பற்றி இத்தனை வருஷமும் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், அவருக்கு என்றைக்குமே பொறுமை கிடையாது என்று அலுத்துக்கொண்டார்.

அது நான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“ஆமாங்க, அவருக்கு எப்பவுமே அவசரந்தான்” என்றேன்.