தினமும் அப்டேட் அழுத்தியவர்

தி.நகரில் எங்கள் கட்டட டிசைன் ஆபீசில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தார் அவர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான். வரைபடத்தில் தூண்களுக்கான கம்பி அட்டவணையை இன்ஜினியரின் எக்செல் ஃபைலோடு லிங்க் செய்துவிட்டு, அதில் மாறியது வரைபடத்திலும் மாற, தினமும் காலை டீக்கு முன்னால் அப்டேட் அழுத்துவார்.

ஒருமுறை இன்ஜினியர் கம்பிகளைக் கூட்டி, திருத்திய கணக்கை வேறு பெயரில் சேவ் செய்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அடையாறில் அந்தக் கட்டடத்தின் தூண்கள் பழைய கம்பிக் கணக்கிலேயே எழும்பிய பிறகுதான் தெரிந்தது.

"எர்ரர் காட்டலியாண்ணே?" என்றேன்.

"எப்டி காட்டும்? பழைய ஃபைலு அங்கயே கீதே. டெய்லி அதைத்தான் அப்டேட் பண்ணிக்கினு இருந்துக்கிறேன்."

முதலாளியிடம் போய்ச் சொன்னார். "கான்கிரீட் போட்டாச்சு, விடுப்பா" என்றார் முதலாளி.

அண்ணன் திருவான்மியூர்க்காரர். அதன்பின் அடையாறைத் தவிர்த்து, கிண்டியைச் சுற்றியே வீட்டுக்குப் போனார். நான் அடையாறு வழியாகத்தான் போகிறேன். அந்தக் கட்டடத்தின் எல்லா பால்கனியிலும் துணி காய்கிறது.