அரைமணி அக்காவின் பதின்மூன்று படிவங்கள்

பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய கேள்வித்தாளுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தச் சந்தை ஆய்வு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அரைமணி அக்காதான். வயது நாற்பத்து நான்கு. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், மகள் நர்சிங் படிக்கிறாள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, என்ன சோப்பு வாங்குகிறீர்கள், எந்த விளம்பரம் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது அவள் வேலை. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் "சரிங்க, வரேன்" என்று சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பாள். மற்றவர்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படிவம் நிரப்பினால் அவள் ஐந்தோடு நிற்பாள்.

படிவங்களைச் சரிபார்க்கிற மனிதருக்கும் பட்டப்பெயர் உண்டு: சல்லடை. ஒரு வீட்டுக்கும் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து, தானே பதிலை எழுதிக்கொண்டு வருகிற ஆசாமிகளைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் அவர் உத்தியோகம். "எழுத்தப் பாத்தே சொல்லிடுவேன், மரத்தடியில எழுதினதா, வாசல்ல நின்னு எழுதினதான்னு" என்று மார்தட்டுவார். பதினோரு வருட அனுபவம், தட்டிவிட்டுப் போகட்டும்.

வம்பு ஒரு தரை துடைக்கும் திரவத்தால் வந்தது. டிவியில் விளம்பரம் அமர்க்களப்பட்டது. பளிங்கு மாதிரி தரை, அதில் முகம் பார்த்துச் சிரிக்கும் நடிகை. ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். ஒரே ஒரு பாட்டில். இரண்டாவது பாட்டிலுக்கு ஆளில்லை. கம்பெனிக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, இன்னும் பெரிய நடிகை, இன்னும் பெரிய வீடு என்று புது விளம்பரத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். எதற்கும் ஒருமுறை வீடுகளில் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று இந்த அலுவலகத்துக்கு வேலையைக் கொடுத்தார்கள்.

பத்துப் பேர் ஐந்து நாள் போய் ஐந்நூறு படிவம் கொண்டுவந்தார்கள். ஒன்பது பேருடைய படிவங்களில் ஒரே பாட்டு: விலை அதிகம், வாசனை பிடிக்கவில்லை. அரைமணி அக்கா கொண்டுவந்தது இருபத்திரண்டு. அதில் பதின்மூன்றில் எழுதியிருந்தது: மூடியைத் திறக்கத் தெரியவில்லை.

சல்லடைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டப்படிப்புப் படித்தவர்கள், கணினியில் வேலை பார்ப்பவர்கள், ஒரு பாட்டில் மூடியைத் திறக்கத் தெரியாதவர்களா? மற்ற ஒன்பது பேருக்கு ஒரு மூடிகூட அகப்படவில்லை, இவளுக்கு மட்டும் பதின்மூன்றா?

மேலாளர் சுருக்கமாகச் சொன்னார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. போலின்னா அந்தம்மாவ நிறுத்திடுவோம்."

சல்லடை அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் அழவில்லை, சத்தியம் செய்யவில்லை.

"போய்ப் பாருங்க சார். ஒண்ணே ஒண்ணு. பதில் வந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போயிடாதீங்க."

"எனக்கே பாடமாம்மா?" என்றார் அவர்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை பதின்மூன்று படிவங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதல் வீடு ஒரு தையல்காரருடையது. ஏன் மறுபடி வாங்கவில்லை என்று கேட்டார். "விலை ஜாஸ்தி சார்." படிவத்தைப் பார்த்தார்: மூடி. சரி, குட்டு வெளிப்பட்டது. இரண்டாவது வீட்டில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. "அந்த வாசனை எங்க வீட்டுல யாருக்கும் ஆகல." படிவத்தில் மூடி. மூன்றாவது வீட்டிலும் அதே கதை. அவருக்கு வெற்றி பெற்ற சந்தோஷம் வந்திருக்க வேண்டும். என்னவோ தெரியவில்லை, அது வரவில்லை.

நான்காவது வீடு ஐந்தாம் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. ஏறி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி, அறுபதைத் தாண்டிய அம்மா. கேள்வியை எப்படியோ கேட்டுவிட்டார். "விலைதான் காரணம்" என்றார் அந்த அம்மா. அடுத்த கேள்வி நாக்கு நுனியில் இருந்தது, ஆனால் வெளியே வரக் காற்று இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகள் போயின. அந்த அம்மா அவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், முந்தானையைத் திருகினார்.

"சொன்னா சிரிப்பீங்க."

சல்லடை தலையை மட்டும் ஆட்டினார்.

"முப்பது வருஷம் ஒரு ஆபீசையே கட்டி மேய்ச்சேன் தம்பி. அந்த மூடி என்னை மதிக்கல. இப்படித் திருகினேன், அப்படித் திருகினேன், சுத்திக்கிட்டே இருக்கு, கழண்டு வர மாட்டேங்குது. பையன் வெளிநாட்டுல இருக்கான். யாரக் கேக்கறது? பக்கத்து வீட்டுல போய்க் கேட்டா, மூடி தொறக்கக்கூடத் தெரியலையான்னு நினைக்க மாட்டாங்களா?"

உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். மூடியின் நடுவில் ஆணி அடித்து ஒரு ஓட்டை. அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து வீட்டைத் துடைத்திருக்கிறார்.

சல்லடை பாட்டிலைக் கையில் வாங்கி மூடியைப் பார்த்தார். குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அதையும் மூடியிலேயே பொறித்திருந்தார்கள், வெள்ளை மூடியில் வெள்ளை எழுத்து. அவருக்கே கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் சாய்த்த பிறகுதான் தெரிந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து போனில் அந்த விளம்பரத்தைப் போட்டுப் பார்த்தார். நடிகை பாட்டிலைக் கவிழ்க்கிறாள். மூடியை யாரும் திறக்கவே இல்லை. விளம்பரம் ஆரம்பிக்கும்போதே அது திறந்துதான் இருக்கிறது.

விட்டுவந்த மூன்று வீடுகளுக்கும் திரும்பி ஓடினார். இந்த முறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் செய்தார், சத்தியமாக அவ்வளவுதான். தையல்காரர் கத்தரிக்கோலால் கழுத்தையே வெட்டிய பாட்டிலைக் காட்டினார். ஆசிரியை, திறக்காமல் அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த பாட்டிலை எடுத்துவந்து, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று சிரித்தார். மாலைக்குள் பதின்மூன்று வீடும் முடிந்தது. பதின்மூன்றும் உண்மை.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தெருவில் நின்று அந்த அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்தார். எத்தனை ஜன்னல்! ஒவ்வொன்றுக்கும் பின்னால் படித்தவர்களும் பெரியவர்களும் தனியாக ஒரு மூடியோடு மல்லுக்கட்டி, தோற்று, அதை யாரிடமும் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த விளம்பரத்துக்கு எட்டாத இடத்தை, ஒரு பெண் ஒரு நிமிடம் சும்மா நின்று எட்டிவிட்டாள். அம்மாடி, என்ன பெண் இவள்!

அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கிவந்த பாட்டிலை, ஆணி அடித்த மூடியோடு அலுவலகத்தில் மேலாளர் மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். மேலாளர் மூடியைத் திருகிப் பார்த்தார். சுற்றியது, கழன்று வரவில்லை. அவர் முகம் சிவந்தது. உடனே கம்பெனிக்குப் போன் போட்டார். புது விளம்பரம் நின்றது. பழைய விளம்பரத்தின் தொடக்கத்தில், ஒரு கை மூடியை அழுத்தித் திருகுகிற இரண்டு நொடிக் காட்சியைச் சேர்ப்பதாக அங்கேயே முடிவாயிற்று.

அரைமணி அக்கா மாடிப்படியில் காத்துக்கொண்டிருந்தாள். சல்லடை அவளுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"எல்லாம் நிஜம்மா. உங்க வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்ல."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது.

"இத எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"ஆஸ்பத்திரியில ஏழு வருஷம் சீட்டு எழுதிக் குடுத்தேன் சார். என்ன பண்ணுதுன்னு கேட்டா தலைவலிம்பாங்க. சீட்ட வாங்கிட்டு ரெண்டு அடி போயி, திரும்பி வந்துதான் நெஞ்சு வலிக்குதும்பாங்க. அவங்க திரும்பி வர்ற வரைக்கும் அடுத்த ஆளக் கூப்பிட மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் பேசாமல் இருந்தாள். அவரும் பேசாமல்தான் இருக்க நினைத்தார். முடியவில்லை.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரம்மா" என்றார். "அவங்க பதிலும் இப்படித்தான், யாரோடயும் ஒத்துப் போகல. நான் ஒரு வீட்டுக்கும் நேர்ல போகல. போன்லயே கேட்டேன். போலின்னு எழுதிட்டேன், வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. ஒருத்தன் வாசல்ல நின்னு அழுதான்."

அவரிடம் பரவாயில்லை சார் என்று அவள் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மனிதர் இப்படி உடைந்து உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பேனாவையும் காலியான ஒரு படிவத்தையும் எடுத்து, படிவத்தைப் பின்பக்கமாகத் திருப்பினாள்.

"அவங்க ரெண்டு பேர் விலாசமும் இருக்கா சார்?"