கோஸோத் தீவில் செருப்பைக் கழற்றிய இடம்

கொச்சு, நீ லீவு நாளில் தனியாகப் போய்வந்த தீவுக்கு நானும் போய்வந்தேன்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கொச்சு என் ஒரே மகள். மால்டாவில் நர்ஸாக இருந்தாள். மாசி மாதம் தலைக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனாள். உடல் நாகர்கோவிலை அடுத்த எங்கள் புத்தளத்துக்கு வந்துவிட்டது. சாமான்களை எடுக்க ஆகஸ்டில் நான் போனேன். கூட வேலை பார்த்த மார்த்தாண்டத்துக்காரி ஷீபா சொன்னாள்: "லீவு கிடைச்சா ஒத்தைக்கு கோஸோவுக்குப் போவா மாமி. எதுக்குட்டின்னு கேட்டா சிரிப்பா."

அது தெரியாமல் பெட்டியைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மகளின் செல்போனில் ஒரே கடற்கரைப் பாறையின் படம் பல தடவை இருந்தது. அதைக் காட்டி விசாரித்து ஷீபா இடத்தைக் கண்டுபிடித்தாள்.

காலை ஆறரைக்கு மால்டாவின் தலைநகர் வாலெட்டாவில் பஸ் ஏறினோம். கப்பல் துறைக்கு ஒன்றரை மணி நேரம், கப்பலில் இருபத்தைந்து நிமிடம். போகும்போது டிக்கெட் கிடையாது, திரும்பும்போதுதான் 4.65 யூரோ. நம்பாமல் இரண்டு தடவை கேட்டேன். இறங்கி இரண்டு பஸ் மாறி மார்சல்ஃபோர்ன் என்ற கடற்கரை ஊர். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. கல் அடுக்கிய வரப்பு, காய்ந்த வயல், ஆள் சத்தமே இல்லை. நாம் வேலிக்கு விடுகிற சப்பாத்திக் கள்ளியின் பழத்தை அங்கே தோல் சீவித் தின்கிறார்கள். இனிப்பாகத்தான் இருக்கிறது.

வளைவு திரும்பினால் உப்பளம். எங்கள் ஊர் மாதிரி மண் பாத்தி இல்லை, பாறையில் வெட்டின பாத்தி. நான் இருபத்தாறு வருஷம் உப்பு வாரினவள். செருப்பு அழுக்குப் பட்டால் உப்பு கறுக்கும். என் செருப்பு தானாகக் கழன்றது.

"இதென்ன கோயிலா மாமி? பாறை சுடும், போடுங்க!"

துடைப்பத்தால் உப்பைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என் காலையே பார்த்தாள். ஷீபாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ஷீபாவின் முகம் மாறிவிட்டது.

"சுத்திப்பாக்க வாறவங்க எல்லாம் செருப்போட மிதிப்பாங்களாம் மாமி. செருப்பக் கழத்திட்டு வந்தது ஒரே ஒரு பிள்ளதானாம். சாயங்காலம் வரைக்கும் கூட நின்னு உப்புக் கூட்டுமாம்."

மகள் படத்தைக் காட்டினேன். அந்தப் பெண் தலையாட்டி, ஏன் இப்போது வருவதில்லை என்று கேட்டாள். ஷீபா நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். பாத்தியில் மிதிக்காதீர்கள்.

கொச்சு, பத்தாம் வகுப்பு லீவில் உப்பளத்தில் வேலைக்கு இறங்கி உள்ளங்கால் வெடித்து, "இனி உப்புல கால் வைக்கமாட்டேன்" என்று நீ அழுதாய். அதற்குப் பிறகு உன்னை நான் அந்தப் பக்கமே விடவில்லை. உப்பில் நிற்க உனக்கு ஆசை இருந்ததென்றால், ஊருக்கு வந்த லீவில் ஒருநாளாவது என்னோடு ஏன் மக்கா இறங்கவில்லை?