அடுப்பின் படம்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் சமூக சேவகியாக இருந்தேன். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்களைப் போய்ப் பார்த்து, என்ன உதவி தேவையென்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பணம் அனுப்பும் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு நாள் டிஜிற்றல் கமெரா ஒன்றும் அனுப்பினார்கள். உதவி கேட்பவர்களைப் படம் எடுத்துத் தங்கள் இணையத்தளத்தில் போட வேண்டுமாம்.

"கஷ்டம் தெரியிற மாதிரி எடும்," என்றார் பணிப்பாளர்.

முதலில் போனது கொட்டாஞ்சேனைக்கு. வழியில் செக்பொயின்ற்றில் நின்ற பொலிஸ்காரர் கமெராவை வாங்கிப் பரிசோதித்துத் திருப்பித் தந்து, தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, அழிக்கவும் சொன்னார்.

அங்கே ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஓர் அக்கா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். காஸ் அடுப்பு ஒன்று கேட்டிருந்தார். படம் எடுக்க வருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னது என் பிழை. பக்கத்து அறைக்காரியிடம் இரவல் வாங்கிய பட்டுச்சேலை, கவரிங் அட்டியல், தலை நிறைய மல்லிகை. வீட்டுக்கார அம்மாவின் பிரிட்ஜ் பின்னால் தெரியும்படி கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பழைய கமெரா என்றால் எடுத்ததை யாரும் உடனே பார்க்க முடியாது. இதில் பின்பக்கம் சின்னத் திரை இருந்தது.

"கண் மூடியிருக்கு. அழியுங்கோ, தங்கச்சி."

அழித்தேன். அடுத்ததில் பிரிட்ஜ் பாதிதான் விழுந்திருந்தது. அதையும் அழித்தேன்.

"அக்கா, வீட்டில நிக்கிற உடுப்போட ஒண்டு எடுப்பமே?"

"இன்டர்நெட்டில போடுற படம் எண்டனீங்கள். கனடாவில மச்சாள் முழு நாளும் கொம்பியூட்டருக்கு முன்னாலதான். அவள் என்னை அப்பிடிப் பாக்கிறதோ?"

கடைசியில் அவருக்குப் பிடித்த மாதிரி விழுந்த பட்டுச்சேலைப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். பணிப்பாளர் நெடுநேரம் பார்த்தார்.

"நாங்கள் இவவுக்கு அடுப்புக் குடுக்கிறமோ, இவ எங்களுக்குத் தரப்போறாவோ? அவ சமைக்கேக்கை தெரியாமல் ஒண்டு எடும்."

"அவவின்ர முகம், சேர். கேக்காமல் எடுக்கேலாது."

"அப்ப கேட்டுப் பாரும்," என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

மறுபடி போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அக்கா யோசித்தார்.

"என்ர முகம் என்னத்துக்கு? அடுப்பை எடுங்கோவன். கஷ்டப்படுறது அதுதானே."

மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு கால் உடைந்து, கரிப்பிடித்து இருந்தது. நான் கமெராவைத் தூக்க, அவர் தேங்காய்த் தும்போடு ஓடி வந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ, மினுக்கிப்போட்டுத் தாறன்."

"அக்கா, மினுக்கினா புது அடுப்பு வராது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்பைக் கையில் வைத்துக்கொண்டே, அரை மனதோடு விலகி நின்றார்.

அந்தப் படத்துக்கு அடுப்பு வந்தது. பிறகு முகம் காட்ட விரும்பாத எல்லோரிடமும், வீட்டில் கஷ்டப்படுகிற பொருள் எதுவென்று கேட்டேன். உடைந்த தையல் மெஷின், ஒழுகும் தகரம், காற்றில்லாத சைக்கிள் என்று படங்கள் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் வெளிநாட்டிலிருந்து மரியாதையாக ஒரு ஈமெயில் வந்தது: உங்கள் ஊரில் மனிதர்கள் யாரும் இருக்கிறார்களா?